வீட்டு முற்றத்தில் பிக்கப் வண்டியைத் தூக்க ஜாக்கி தேர்ந்தெடுத்த கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையை நம்பி வாழும் குடும்பம் அது. தந்தைக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. வண்டி மகனின் பொறுப்பில் இருக்கிறது. விளைச்சல் மிகுந்த மாதங்களில் ஒரு டிரைவரும் சேர்ந்துகொள்வார். தோட்டங்களிலிருந்து தக்காளியும் முருங்கையும் ஏற்றிச் செல்வது ஒரு நான்கு சக்கர பிக்கப். பின்சக்கர இயக்கம். பின்னால் எஃகுப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்கில் கட்டிய, இரு சக்கரங்களையும் இணைக்கும் முழு நீள ஆக்சில். முன்னால் இரு சக்கரமும் தனித்தனியே ஆடும் சஸ்பென்ஷன். டயர் 215/75 ஆர் 15.

சந்தை நேரமும் பட்டறை திறக்கும் நேரமும் ஒத்துப்போவதில்லை. அதனால் டயர் மாற்றுவது, சக்கரங்களை இடம் மாற்றிப் போடுவது, கிரீஸ் அடிப்பது, பிரேக் ஷூ தேய்மானம் பார்ப்பது எல்லாம் வீட்டு முற்றத்திலேயே நடந்துவந்தன. இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. வண்டியைத் தெரிந்துவைத்திருக்கும் உரிமையாளர் செய்யும் சிறு வேலை பல சமயம் அவசரப் பட்டறை வேலையைவிடச் சுத்தமாக இருக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் அவர்களிடம் இருந்த ஒரே கருவி, 3 டன் என்று பொறித்த, எண்ணெய் அழுத்தத்தில் நேராக மேலே தூக்கும் ஒரு பாட்டில் ஜாக்கி.

நான் மோட்டார் வாகனப் பயிற்றுநர். ஜாக்கி சரிந்த பிறகு, புதிதாக எதை வாங்குவது என்று கேட்டு அந்தக் குடும்பத்தினர் அழைத்தார்கள். அதன் பிறகு நடந்தவற்றைக் கூடவே இருந்து பார்த்தேன். முந்தையவை அவர்கள் மூவரும் சொன்னவை.

ஜாக்கி சரிந்த காலை

காலையில் பார்த்தபோது இடது பின் டயர் காற்றே இல்லாமல் தரையோடு அமுங்கிக் கிடந்தது. வண்டி காலியாக, கேட்டைப் பார்த்து நின்றது. டிரைவர் வழக்கம்போல் ஜாக்கியைப் பின் ஆக்சிலுக்கு அடியில் தள்ளினார். நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், நுழையவில்லை.

ஆக்சில் கிடைக்காததால் சேஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, தூக்குவது என்று முடிவு செய்தார்கள். சேஸ் உயரத்தில் இருந்தது. இரண்டு செங்கல்லைப் படுக்கவைத்து அதன்மேல் ஜாக்கியை நிறுத்தி அடித்தார்கள். ஜாக்கியின் ராம் (மேலெழும் தண்டு) முழுவதும் வெளியே வந்தது. தலையில் உள்ள திருகும் முழுவதும் ஏற்றப்பட்டது. சேஸ் உயர்ந்துகொண்டே போனது, ஆனால் டயர் தரையைவிட்டு எழவில்லை. உடனே வேறொரு முட்டுக்கொடுத்து ஜாக்கியை இறக்கி, ஜாக்கிக்கும் சேஸுக்கும் நடுவே இரண்டு மரக்கட்டைகளை வைத்து மீண்டும் அடித்தார்கள். இப்போது டயர் எழுந்தது. கீழே செங்கல், அதன்மேல் ஜாக்கி, அதன்மேல் கட்டைகள், அதன்மேல் வண்டி.

வண்டி முதல் கியரில் இருந்தது. கை பிரேக் இழுக்கப்பட்டிருந்தது. ஆனால் அதன் கேபிள் தளர்ந்து பல நாள் ஆகியிருந்தது. வலது பக்க டயருக்கு, உருளாமல் தடுக்கும் அடைக்கட்டை வைக்கவில்லை. நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்திக்கொள்ளாமல், சக்கரம் மேலே தூக்கிய நிலையில் மகன் வீல் ஸ்பேனரை மிதித்தார். மூன்றாவது நட்டில் வண்டி மெல்ல முன்னே நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்து, கட்டைகள் தெறித்து, வண்டி அந்தத் தட்டை டயரின் மேலேயே வந்து உட்கார்ந்தது. சக்கரம் இன்னும் கழற்றப்படாமல் ஸ்டட்டில் இருந்ததால்தான் பிரேக் டிரம் தரையில் மோதவில்லை. மகனின் முழங்கை ஃபெண்டருக்கு வெளியே இருந்ததால் காயம் இல்லை.

மறுநாள் பார்த்தவை

தந்தை ஜாக்கியில் எண்ணெய் இறங்கிவிட்டது என்றார். டிரைவர், 3 டன் போதவில்லை, வண்டியே கிட்டத்தட்ட மூன்று டன் இழுக்கிறது என்றார். இரண்டுமே நியாயமான சந்தேகங்கள். இரண்டில் ஒன்று உண்மையாக இருந்தால் விடை எளிது: அதே வகையில் பெரிதாக ஒன்று வாங்கினால் போதும். ஆகவே முதலில் அவற்றைத்தான் சோதித்தோம்.

அதே ஜாக்கியை, காற்றடித்த டயருடன், ஆக்சிலுக்கு அடியில் சமதளத்தில் வைத்துத் தூக்கி, பக்கத்தில் ஒரு பழைய சக்கரத்தைச் சேஸுக்குக் கீழே காவலாகத் தள்ளிவைத்து, அரை மணி நேரம் விட்டோம். ராம் கண்ணுக்குத் தெரிய இறங்கவே இல்லை.

விஷயத்தைச் சொன்னது அந்த மரக்கட்டை. ஜாக்கியின் தலை கீழ்க்கட்டையில் ஒரு வட்டக் குழியைப் பதித்திருந்தது. அந்த வட்டம் ஒரு பக்கம் மட்டும் இழுபட்டு, பிறைபோல் நீண்டிருந்தது. இழுபட்ட திசை வண்டியின் நீளவாக்கில் இருந்தது. எண்ணெய் இறங்கியிருந்தால் கட்டை நேராகத் தாழ்ந்திருக்கும். குழி வட்டமாகவே இருந்திருக்கும். செங்கல் நொறுங்கி அதனால் சரிந்திருந்தால் ஜாக்கி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயலாம். நீளவாக்கில் இழுபட்ட குழி, ஜாக்கி நின்ற இடத்தில் நிற்க வண்டிதான் நகர்ந்தது என்று காட்டியது. செங்கல்லில் ஒன்று பிளந்திருந்தது உண்மை. அது சரிவின் விளைவு என்றே நினைக்கிறேன்.

வண்டி ஏன் நகர்ந்தது என்பதையும் அங்கேயே காட்ட முடிந்தது. பின்சக்கர இயக்க வண்டியில் கியர் போட்டு நிறுத்தும்போது எஞ்சின், டிஃபரன்ஷியல் (இரு பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் பற்சக்கர அமைப்பு) வழியாக இரண்டு பின் சக்கரங்களையும் சேர்த்துத்தான் பிடிக்கிறது. ஒன்றை மேலே தூக்கிவிட்டால் அது தாராளமாகச் சுழலும். அது ஒரு பக்கம் சுழல, தரையில் இருக்கும் மற்றதும் உருள டிஃபரன்ஷியல் இடம் கொடுத்துவிடும். ஆக, ஒரு பின் சக்கரம் எழுந்த கணமே கியரின் பிடி போய்விடுகிறது. மிஞ்சுவது கை பிரேக் மட்டும். இங்கே அதுவும் தளர்வு. இரண்டு பின் சக்கரத்தையும் தூக்கினால் கை பிரேக்கும் பயன்படாது, ஏனென்றால் அது பின் சக்கரங்களில்தான் பிடிக்கிறது. அப்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது முன் டயர்களுக்கு வைத்த அடைக்கட்டை மட்டுமே. டிரைவருக்கு வண்டி ஓட்டுவதில் நீண்ட அனுபவம் உண்டு. இதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

ரசமட்டம் வைத்துப் பார்த்ததில், மழைநீர் வடிவதற்காக முற்றம் கேட்டை நோக்கி 3 மீட்டருக்கு 6 சென்டிமீட்டர் சரிந்திருந்தது. கண்ணுக்குச் சமதளமாகத்தான் தெரியும்.

அளவெடுப்பு

ஜாக்கி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது டன் கணக்கு. இந்த வண்டியில் அன்று காலை எல்லாவற்றையும் தீர்மானித்தது உயரம். அதனால் கடைக்குப் போகும் முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி உட்கார்ந்தோம். ஒவ்வோர் இடத்தையும் டயரில் காற்று இருக்கும்போதும், காற்றைத் திறந்துவிட்ட பிறகும் அளந்தோம்.

பின் ஆக்சில் குழாயின் அடிப்பக்கம், காற்று இருக்கும்போது தரையிலிருந்து 285 மி.மீ.; காற்று போனபின் 195 மி.மீ. அவர்களிடம் இருந்த பாட்டில் ஜாக்கி, ராம் முழுவதும் இறங்கிய நிலையில் 200 மி.மீ. அன்று காலை நடந்த அத்தனைக்கும் முதல் காரணம் இந்த ஐந்து மில்லிமீட்டர். காற்றுள்ள டயரைக் கழற்றும்போதெல்லாம் அந்த ஜாக்கி ஆக்சிலுக்கு அடியில் தாராளமாக நுழைந்திருக்கிறது, பஞ்சரானபோதுதான் நுழையவில்லை. ஜாக்கி மிக அவசியமாகத் தேவைப்படும் நிலை எதுவோ அந்த நிலையில் யாரும் அளந்து பார்த்ததில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு அங்குலப் பலகை ஒன்றை டயருக்கு முன்னால் போட்டு, வண்டியை மெல்ல நகர்த்தி அந்தத் தட்டை டயரைப் பலகைமேல் ஏற்றியிருந்தால், ஆக்சில் 245 மி.மீ. உயரத்துக்கு வந்திருக்கும். அதே ஜாக்கி நுழைந்திருக்கும். அது முழுவதும் நீண்டால் 385 மி.மீ.; காற்றுள்ள ஸ்டெப்னியை மாட்ட அது போதும். செங்கல்லோ கட்டையோ தேவைப்பட்டிருக்காது.

அடுத்து சேஸ். பின்பக்கம் சேஸின் அடி 500 மி.மீ. வண்டியைச் சேஸில் தூக்கினால், சக்கரம் உடனே எழாது. சுமை குறையக் குறைய ஸ்பிரிங் நிமிர்ந்து ஆக்சிலைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். இந்த வண்டியில் பின்னால் அந்தத் தொங்கல் ஏறத்தாழ 90 மி.மீ. அதோடு, பாரத்தில் அமுங்கியிருந்த டயர் தன் வட்டத்துக்குத் திரும்ப இன்னும் 25 முதல் 30 மி.மீ. ஆகச் சேஸை 620 மி.மீ. உயரத்துக்காவது கொண்டுபோனால்தான் டயர் தரையைவிட்டு எழும். ஆக்சிலில் தூக்கினால் தொங்கல் என்பதே கிடையாது. டயரின் அமுக்கம் மட்டும்தான். ஒரே சக்கரத்தை எழுப்ப, சேஸில் பன்னிரண்டு சென்டிமீட்டர் தூக்க வேண்டும்; ஆக்சிலில் மூன்று சென்டிமீட்டர் போதும். உயரம் குறைந்தால் வண்டியின் சாய்வும் குறைகிறது, ஜாக்கியின் நிலைப்பும் கூடுகிறது.

முன்பக்கம்தான் சிக்கல். முன் சக்கரங்கள் தனித்தனி என்பதால் தூக்குவதற்கு ஒரே ஆக்சில் இல்லை. கையேடு காட்டும் முன் ஜாக்கி இடம் சேஸில், 380 மி.மீ. உயரத்தில். தொங்கல் 85, டயர் அமுக்கம் 25 சேர்த்தால் 490 மி.மீ. வேண்டும்.

எடை மேடையில் தெரிந்தது

டன் கணக்கையும் ஊகத்துக்கு விடவில்லை. சந்தைச் சாலையில் உள்ள எடை மேடையில் முதலில் வண்டி முழுவதையும், பிறகு முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தியும் எடை போட்டார்கள். காலி வண்டி 1,700 கிலோ. அதில் முன்பக்கம் 950, பின்பக்கம் 750. தக்காளிப் பெட்டிகள் ஏற்றிய ஒரு நாளில் மொத்தம் 2,900 கிலோ. பின்பக்கம் மட்டும் 1,850.

ஒரு சக்கரத்தைத் தூக்கும்போது ஜாக்கி சுமப்பது வண்டியின் முழு எடையை அல்ல. அந்தச் சக்கரத்தின் பங்கையும் சாய்வால் கூடும் சிறிதளவையும் மட்டுமே. காலி வண்டியில் ஒரு பின் சக்கரம் சுமார் 375 கிலோ, ஒரு முன் சக்கரம் 475. பாரம் ஏற்றியபோதுகூட ஒரு பின் சக்கரம் ஒரு டன்னுக்குள்தான். இந்த வண்டிக்கு 2 டன் ஜாக்கி தாங்கும் திறனில் போதுமானது. டிரைவரின் சந்தேகம் இங்கே தீர்ந்தது. சரிந்த ஜாக்கி தன் திறனில் எட்டில் ஒரு பங்கைத்தான் சுமந்துகொண்டிருந்தது.

கடைகளில்

முதலில் பார்த்தது உள்ளூர் உதிரிபாகக் கடை. "பத்து டன்னாக எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணே, ஆயுசுக்கும் கவலை இல்லை" என்று கடைக்காரர் ஒரு பாட்டில் ஜாக்கியை எடுத்துவைத்தார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் பாட்டில் ஜாக்கியில் டன் கூடக்கூட உடலும் உயரமாகிறது. அது இறங்கிய நிலையில் 220 மி.மீ.க்கு மேல் இருந்தது. 200 நுழையாத இடத்தில் அது எப்படி நுழையும்?

பிளாஸ்டிக் பெட்டியில் வரும், சக்கரங்களில் உருளும் சிறிய 2 டன் டிராலி ஜாக்கியையும் அங்கே பார்த்தோம். எடை குறைவு, விலை குறைவு, இறங்கிய உயரம் 135 மி.மீ. தட்டை டயரிலும் ஆக்சிலுக்கு அடியில் போய்விடும். ஆனால் ஏறினால் 330 மி.மீ.தான். காரின் டயர் மாற்ற அது நல்ல கருவி. இந்த வண்டியின் பின் ஆக்சிலில் டயரை எழுப்பவும் அரும்பொட்டாகப் போதும். தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டின் மேல் ஏற்றிவைக்கப் போதாது. முன் சேஸின் 490-ஐ நினைத்தும் பார்க்க முடியாது. போதாக்குறைக்கு அதன் சக்கரங்களின் இடைவெளி ஒரு சாண் அகலம்கூட இல்லை. உயரம் போதவில்லை என்றதும் கை தானாகவே மரக்கட்டையைத் தேடும். அந்த வீட்டில் அது ஒருமுறை நடந்தாயிற்று.

கோவையில் ஒரு பெரிய கருவிக்கடையில் பட்டறைகளுக்கான 3 டன் நீளச்சட்ட டிராலி ஜாக்கிகள் கிடைத்தன. இரண்டைத் திறந்து காட்டச் சொல்லி, தரையில் வைத்து, கைப்பிடியை மாட்டி, மேலும் கீழும் ஏற்றி இறக்கி அளந்தோம். ஒன்றின் பெட்டியில் 500 மி.மீ. என்று அச்சடித்திருந்தது, டேப்பில் 465 தான் வந்தது. மற்றது இறங்கி 140, ஏறி 495. அட்டையில் ஐரோப்பியத் தரமான இ.என். 1494-ஐயோ அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.எம்.இ. பி.ஏ.எஸ்.இ.யையோ (பழைய பெயர் பி.ஏ.எல்.டி.) குறிப்பிட்டிருப்பது நல்லதே. உறுதியையும் சோதனை முறையையும் அது பேசுகிறது. நம் வண்டிக்கு உயரம் எட்டுமா என்பதை டேப்தான் சொல்லும்.

கைப்பிடியைத் திருப்பி இறக்கும் விதத்தையும் பார்த்தோம். ஒன்றில் வால்வு சிறிது திறந்ததுமே தலை விழுந்தது. மற்றதில் எவ்வளவு திருப்புகிறோமோ அவ்வளவு வேகத்தில் இறங்கியது. தந்தையிடம் கைப்பிடியைக் கொடுத்து இறக்கச் சொன்னோம். அவர் இரண்டாவதைத்தான் கேட்டார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

140 முதல் 495 மி.மீ. வரை செல்லும் 3 டன் எஃகு டிராலி ஜாக்கி வாங்கப்பட்டது. விலை சிறிய ஜாக்கியைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. எடை 30 கிலோவுக்கு மேல். தந்தையால் அதைத் தூக்க முடியாது என்பதால் கொட்டகையிலிருந்து முற்றம்வரை உருட்டிக்கொண்டு வரும்படி இடம் ஒதுக்கப்பட்டது. அலுமினிய வகை எடை குறைவாக இருந்தது. எங்கும் எடுத்துச் செல்லாத கருவிக்கு அந்தக் கூடுதல் விலை தேவையில்லை என்று மகன் சொன்னதை நானும் ஏற்றேன். 3 டன் என்ற எண் இங்கே பாரத்துக்காகத் தேர்ந்தது அல்ல. அந்த உயரமும், அகலமான அடியும், குழிந்த பெரிய தலையும் அந்த அளவில்தான் கிடைத்தன.

ஸ்டாண்டுகளிலும் அதே கணக்கு. எண்ணெய் அழுத்தத்தில் நிற்கும் எந்த ஜாக்கியும், உள்ளே இருக்கும் ரப்பர் சீலையும் ஒரு சிறு குண்டு வால்வையும் நம்பித்தான் நிற்கிறது. அந்தக் குண்டின் அடியில் ஒரு தூசி சிக்கினாலும் மெல்ல இறங்கத் தொடங்கும். அதனால் வண்டியைத் தூக்குவது மட்டும்தான் ஜாக்கியின் வேலை, அதைத் தாங்கி நிற்பது ஸ்டாண்டின் வேலை என்று முதல் நாளே பேசிக்கொண்டோம். 3 டன் ஸ்டாண்டு சுமார் 285 முதல் 425 மி.மீ. வரை, 6 டன் ஸ்டாண்டு சுமார் 395 முதல் 600 வரை. பின் ஆக்சிலுக்கு முதலாவது போதும், முன் சேஸுக்கு எட்டுவதற்கு இரண்டாவதுதான் சரி. இரண்டு ஜோடி வாங்கப் பணம் இல்லை. ஜாக்கி 495 வரை ஏறுவதால் பின் ஆக்சிலையும் 395-க்கு மேல் கொண்டுபோக முடியும் என்று கணக்குப் பார்த்து, 6 டன்னில் ஒரே ஜோடி வாங்கப்பட்டது.

பற்களில் கொக்கி மாட்டி நிற்கும் பல்சக்கர நெம்பு மட்டுமே தாங்கும் ஸ்டாண்டை விட்டு, குறுக்கே எஃகு ஊசி செருகும் வகையைத் தேர்ந்தோம். 2020-இல் அமெரிக்காவில், பற்களும் கொக்கியும் சரியாகப் பொருந்தாமல் பாரத்தில் திடீரென இறங்கக்கூடும் என்று லட்சக்கணக்கான ஸ்டாண்டுகள் திரும்பப் பெறப்பட்டன. ஊசி இருந்தால் பல் வழுக்கினாலும் வண்டி விழாது.

முன்பக்கத்துக்கு 495-க்கும் 490-க்கும் இடையே இருப்பது ஐந்தே மில்லிமீட்டர். ஜாக்கியின் கை முழுவதும் நீண்ட நிலையில் வேலை செய்ய எனக்குச் சம்மதமில்லை. அதனால் வண்டி விற்ற நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் மூத்த மெக்கானிக்கிடம், அவர்கள் முன் சக்கரத்தை எங்கே தூக்குகிறார்கள் என்று நேரிலேயே கேட்டோம். லோயர் ஆர்மில் (சக்கரத்தைச் சேஸுடன் இணைக்கும் கீழ்க் கை), வெளி முனைக்கு அருகே, தட்டையான பகுதியைத் தொட்டுக் காட்டினார். அங்கே தூக்கினால் தொங்கல் இல்லை. மூன்று, நான்கு சென்டிமீட்டரில் சக்கரம் எழுந்துவிடும். சேஸ் அப்போது 410 மி.மீ. அளவில் நிற்கும், 395-இல் வைத்த ஸ்டாண்டு அதற்கடியில் நுழைந்துவிடும். வேறு வண்டி வைத்திருப்பவர்கள் தங்கள் வண்டிக்கு உரிய இடத்தைக் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும். எல்லா ஆர்மும் ஜாக்கியைத் தாங்கும் வடிவில் இருப்பதில்லை.

அடைக்கட்டைகள் காசு கொடுத்து வாங்கவில்லை. பழைய வேலமர உத்தரத்தை ஆப்பு வடிவில் அறுத்து, டயர் உயரத்தில் கால் பங்கு, அதாவது 175 மி.மீ. உயரத்துக்கு நான்கு செய்தார்கள். கை பிரேக் கேபிள் அதே வாரம் இறுக்கப்பட்டது.

தரை

டிராலி ஜாக்கி வாங்குபவர்கள் கடையில் கேட்காத கேள்வி இது. பாட்டில் ஜாக்கி நேராக மேலே போகும். டிராலி ஜாக்கியின் கை ஒரு வளைவில் உயர்கிறது. தலை முதலில் சற்று வெளியே போய், கிடைமட்டத்தைத் தாண்டியதும் உள்ளே திரும்புகிறது. வண்டி நகராமல் நிற்க வேண்டுமென்றால், அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப ஜாக்கிதான் தன் சக்கரங்களில் உருண்டு இடம் கொடுக்க வேண்டும். சக்கரம் எங்காவது சிக்கினால் தலை ஆக்சிலில் வழுக்கும், அல்லது வண்டியையே இழுக்கும்.

அந்த முற்றம் மணல்மேல் பதித்த பேவர் கற்கள். எஃகுச் சக்கரங்கள் குறுகியவை, அவை கற்களின் இடுக்கில் அப்படியே உட்கார்ந்துவிட்டன. உடனடி வழியாக 8 மி.மீ. கனத்தில், நான்கடிக்கு இரண்டடி இரும்புத் தகடு ஒன்று பழைய இரும்புக் கடையில் வாங்கிப் போடப்பட்டது. முதல் ஒத்திகையில் ஜாக்கியின் முன்சக்கரம் தகட்டின் ஓரத்தில் நிற்க, மறுமுனை ஒரு விரல் அளவு எழும்பியது. சுமை தகட்டின் நடுவில் விழும்படி மாற்றியதும் படிந்து நின்றது. ஆனால் முற்றத்தின் சரிவு அப்படியேதான் இருந்தது. தகட்டின் மேல் ஜாக்கி எளிதாக உருளும் என்பதால், அந்தச் சரிவு இன்னும் கவலை தந்தது.

பிறகு கொட்டகையை ஒட்டி வண்டி நீளத்துக்கு ஐந்து அங்குலக் கனத்தில், கம்பி கட்டி, சமமட்டமாகக் கான்கிரீட் தளம் போட்டார்கள். செலவு ஜாக்கியைவிட அதிகம். ஏழு நாள் தண்ணீர் விட்டு, இருபத்தெட்டு நாள்வரை வண்டியை ஏற்றவில்லை. இந்தக் காத்திருப்பில் மகனுக்குப் பொறுமை குறைந்தது, தந்தைதான் விடவில்லை.

முதல் பயன்பாடு

முதல் வேலை பின் பிரேக் ஷூ பார்ப்பது. வண்டி காலி. தளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, இரண்டு முன் டயர்களுக்கும் முன்னும் பின்னும் அடைக்கட்டை வைத்து, நட்டுகளைத் தரையிலேயே கால் சுற்றுத் தளர்த்திக்கொண்டார்கள்.

ஜாக்கியின் தலையை ஆக்சில் குழாயில், ஸ்பிரிங்கைப் பிடிக்கும் யூ போல்ட்டுக்கு உட்புறமாக வைத்தோம். அந்தக் குழாயின் பின்பக்கம் ஒட்டியே பிரேக் எண்ணெய் செல்லும் மெல்லிய இரும்புக் குழாய் ஓடுகிறது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. மகன் விரலால் தடவிப் பார்த்து, தலையை ஓர் அங்குலம் நகர்த்தினார். அப்படிச் செய்யாதிருந்தால் முதல் அடியிலேயே அது நசுங்கியிருக்கும்.

ஒரு பக்கம் பாதி, மறுபக்கம் பாதி என்று மாற்றி மாற்றித் தூக்கி, ஆக்சில் 410-ஐத் தொட்டதும் ஸ்டாண்டுகளை வைத்து, ஊசி செருகி, மெல்ல இறக்கினார்கள். பிறகு வண்டியைக் கையால் பலமாக ஆட்டிப் பார்த்தார் தந்தை. அசையவில்லை. அதன் பிறகே சக்கரத்தில் கை வைத்தார்கள். டிஃபரன்ஷியல் நடுவே ஒரே தூக்கில் எழுப்பினால் வேலை சீக்கிரம் முடியும்தான். கையேடு அந்த இடத்தைக் காட்டவில்லை என்பதால் அதைத் தவிர்த்தோம். கை பிரேக்கைத் தளர்த்தினால்தான் டிரம் கழன்றுவரும். அந்த நேரத்தில் வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது வேலமரக் கட்டைகள் மட்டுமே.

பிறகு வந்த கோளாறு

மழைக்காலம் முடிந்தபோது ஜாக்கி பஞ்சுபோல் அமுங்குவதாகவும், பாதிக்கு மேல் ஏற மறுப்பதாகவும் மகன் தெரிவித்தார். எண்ணெய் கசிந்த அடையாளம் இல்லை. உள்ளே காற்று புகுந்திருந்தது. நிரப்பும் மூடியைத் தளர்த்தி, இறக்கும் வால்வைத் திறந்துவைத்து, பாரமில்லாமல் கைப்பிடியைப் பலமுறை வேகமாக அடித்ததும் காற்று வெளியேறியது. சிறிதளவு எண்ணெயும் குறைந்திருந்தது.

அங்கே டிரைவர் கையில் பிரேக் எண்ணெய் டப்பா இருந்தது. ஊற்றும் முன் தடுத்துவிட்டோம். இந்த ஜாக்கியின் சீல்கள் கனிம எண்ணெய்க்கு உரிய ரப்பரால் ஆனவை. பிரேக் எண்ணெய் பட்டால் அவை ஊதி, இளகி, கெட்டுப்போகும். ஹைட்ராலிக் ஜாக்கி எண்ணெய் வாங்கி நிரப்பினார்கள். டப்பாவின் மேல் பெயின்டால் "ஜாக்கி" என்று எழுதிவைத்தார் தந்தை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இந்தக் குடும்பம் மீண்டும் தொடங்குவதாக இருந்தால் வரிசை மாறும். முதலில் தரை, பிறகு ஸ்டாண்டு, கடைசியாக ஜாக்கி. தளம் போட முடியாத வாடகை வீட்டில், மண் தரையில், சரிவில் இருப்பவர்களுக்கு டிராலி ஜாக்கியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் சக்கர வேலைகளை டயர் கடையில் கொடுப்பதே சரி. அங்கே சமதளம் இருக்கிறது.

பாரம் ஏற்றிய வண்டியை முற்றத்தில் தூக்குவதில்லை என்ற விதி இதுவரை காக்கப்படுகிறது. 3 டன் ஜாக்கிக்கு அந்தப் பாரம் பெரிதல்ல. ஆனால் தக்காளிப் பெட்டிகள் உயரமாக அடுக்கிய வண்டி ஒரு பக்கம் சாயும்போது அதன் எடையெல்லாம் தாழ்ந்த பக்கம் போகிறது.

சாலையில் பஞ்சரானால் என்ன செய்வது என்பது முழுவதும் தீரவில்லை. 30 கிலோ ஜாக்கியை வண்டியில் வைத்திருக்க முடியாது. இப்போதைக்கு இரட்டை ராம் கொண்ட, இறங்கிய நிலையில் 195 மி.மீ.க்கு நன்றாகக் குறைந்த ஒரு பாட்டில் ஜாக்கியும், டயரை ஏற்றும் இரண்டு அங்குலப் பலகையும், ஜாக்கிக்கு அடியில் போட ஓரடிச் சதுரத் தடித்த பலகையும், இரண்டு அடைக்கட்டைகளும் இருக்கைக்குப் பின்னால் கட்டப்பட்டிருக்கின்றன. பாட்டில் ஜாக்கியைப் படுக்கவைத்தால் எண்ணெய் கசிந்து காற்று புகும் என்பதால் அதை நிறுத்திக் கட்ட ஒரு வளையம் பற்றவைத்திருக்கிறார்கள். ஏற்றிய வண்டி இரவில் சாலையோரச் சரிவில் நின்றால் பெட்டிகளை இறக்குவதா, வேறு வண்டியை வரவழைப்பதா என்பதை டிரைவரே அந்த இடத்தில் முடிவு செய்கிறார். இதற்கு ஒரு விதி எழுதித்தரும்படி மகன் கேட்டிருக்கிறார். அவருடைய வண்டித் தடத்தில் எங்கெல்லாம் சமதளமான இடம் கிடைக்கும் என்று இருவரும் சேர்ந்து குறித்துக்கொண்டிருக்கிறோம்.